அஹத் ஜூ எழுந்திருக்காத பந்தி

ஷோபியானிலிருந்து ஸ்ரீநகருக்கு இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர் அஹத் ஜூ. ஆனால் ஊரில் யாரும் அவரை டிரைவராக நினைவில் வைத்திருக்கவில்லை. கல்யாண விருந்தில் ஒரு வாய் வைத்ததுமே, கறியை எத்தனை பேர் இடித்தார்கள், அதில் யார் நடுவில் பீடி குடிக்கப் போனார் என்று சொல்லிவிடுகிற மனிதர் என்றுதான் பெயர். அவர் பந்தலுக்குள் நுழைந்தால் வாஸா, அதாவது தலைமைச் சமையல்காரர், சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்த வாய்க்குக் கொஞ்சம் கீழேதான் இப்போது தடை. உணவுக்குழாயில் புற்று. கண்டுபிடித்தபோதே ஈரல் வரை போயிருந்தது. அறுக்க வழியில்லை என்று சொல்லி, சோறாவது இறங்கட்டும் என்று உள்ளே ஒரு கம்பிவலைக் குழாய் வைத்து அனுப்பினார்கள். மாமியார் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய மகள் தில்ஷாதா, அன்று முதல் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டாள். ரொட்டி கூடாது, குழாயில் அடைத்துக்கொள்ளும். உப்புத் தேநீரும் ஆறினால்தான்.

"என் பல்லெல்லாம் இப்ப கரண்ட்ல ஓடுது. கரண்ட் போச்சுன்னா பட்டினி" என்பார் அவர். ஆறின தேநீரைக் கொடுத்தால், "இது பாத்திரம் கழுவின தண்ணியா, கழுவப்போற தண்ணியா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பார்.

பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் நான்கு மாதமாக அவர் யாரோடும் சேர்ந்து சாப்பிடவில்லை. நடுவில் இருமல் வரும்; சில நேரம் போனது திரும்பி வரும். அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கிண்ணத்தைக் காலி செய்தபிறகே மனிதர்கள் பக்கம் திரும்புவார்.

செப்டம்பரில் அவருடைய தங்கை பேரனுக்குக் கல்யாணம் வந்தது.

"நான் பந்தியில உட்காரணும்."

"தாராளமா உட்காருங்கப்பா. சாப்பிடத்தான் கூடாது."

"சாப்பிடாம உட்கார நான் என்ன தலகாணியா?"

தில்ஷாதாவின் பயம் வேறு. நான்கு பேருக்கு ஒரு செம்புத் தட்டு. ஆண்களுக்கு ஒரு பந்தல், பெண்களுக்கு ஒரு பந்தல். அவருக்கு அங்கே அடைத்துக்கொண்டால் இவளுக்குச் சேதி வருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். அப்பாவின் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த கனி மீரைக் கூப்பிட்டாள்.

"சாச்சா, நீங்க அவர் தட்டுலயே உட்காருங்க. கபாப், விலா எலும்பு, கோழி எதுவும் அவர் வாய்க்குப் போகக் கூடாது. சோத்தைக் குழம்புல ஊறவெச்சு நகத்தளவு. கடைசியில வர்ற கறி உருண்டை, அந்தக் கோஷ்தாபா பக்கமே விடாதீங்க."

"என்னையா காவலுக்கு வைக்கிறே, புள்ள?"

"அவனை ஏன் கேக்கிறே?" என்றார் அஹத் ஜூ. "என் பங்கு மிஞ்சும், வீட்டுக்குக் கொண்டுபோகலாம்னு பையை இப்பவே மடிச்சு இடுப்புல சொருகிட்டான்." பிறகு குரல் இறங்கியது. "கோஷ்தாபாவை வேணாம்னு சொன்னா வாஸா மூஞ்சில துப்பின மாதிரிம்மா. நான் இதுவரைக்கும் சொன்னதில்ல."



கல்யாணத்தன்று ஆண்கள் பந்தி முதலில் உட்கார்ந்தது. முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டியது; ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. பெண்கள் பந்தலில் பசி பேச ஆரம்பித்தது.

"ஆட்டை இப்பத்தான் பிடிக்கப் போயிருக்காங்களோ?" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை ஹமீதா.

"யாரோ ஒரு தீனிப்பண்டாரம் இன்னும் முடிக்கலையாம். அந்த ஆள் முடிக்காம யார் எழுந்திரிக்கிறது?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

தில்ஷாதா எழுந்தாள். அடுப்புகளைச் சுற்றிப் போய், பந்தல் துணியின் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

இருநூறு ஆண்கள், விரல்களில் குழம்பு காய்ந்துபோய், அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கைகழுவக் கெண்டியும் தாம்பாளமும் ஏந்தியவர்கள் ஓரமாக நின்றார்கள். யாருடைய கண்ணும் அவள் அப்பா பக்கம் இல்லை. எல்லாரும் கனி மீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பனியில் பஸ் பின்னோக்கி வழுக்கிய கதையை ஒரு ஊருக்கே கேட்கிறமாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவின் எதிரில் வாஸா குந்தி உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தில் கோஷ்தாபாவைத் தயிர்க் குழம்போடு கரண்டி முதுகால் நசுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே வெண்ணெயாக இடித்த கறிதான்; அதையும் நம்பவில்லை போல.

அப்பா நகத்தளவு எடுத்தார். கண்ணை மூடினார். ஒரு மடக்கு குழம்பு. காத்திருந்தார். இருமினார்.

தில்ஷாதா துணியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு அடி எடுத்து வைத்தால் உள்ளே போய்விடலாம். போனால் அந்தப் பந்தியே எழுந்துவிடும். அப்புறம் அவர் எந்தப் பந்தியிலும் உட்கார மாட்டார். கனி மீரின் ஒரு கை அப்பாவின் முதுகைத் தடவிற்று, கதை நிற்கவில்லை. இருமல் அடங்கியது. விரல் மறுபடி கிண்ணத்துக்குப் போயிற்று.

அவள் துணியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"யாராம் அது?" என்றாள் ஹமீதா.

"எங்கப்பா. இன்னும் பாதி இருக்கு. இருங்க."

அதற்கப்புறம் அங்கே யாரும் பசியைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அஹத் ஜூ தீர்ப்புச் சொன்னார். "உப்பு ஒரு சிட்டிகை கம்மி. இடிச்சதும் போதல."

"உங்களுக்காக ரெண்டாவது தடவை நசுக்கினாரே, பாவம்."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"கனி சாச்சா சொன்னாரு."

"அவன் வண்டி ஏறும்போதே தூங்கிட்டான். எப்பச் சொன்னான்?"

தில்ஷாதா மிக்ஸியைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கிண்ணத்தோடு வந்தபோது அவர் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"உன் ரொட்டியையும் டீயையும் எடுத்துட்டு வா" என்றார். "ஆனா ஒண்ணு. நான் முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது."