ஊசி ஸ்டியரிங் பிடித்த சனிக்கிழமைகள்

அவளுக்கு ஊசி என்று பெயர் வைத்தவள் நான்தான். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிடக் கூர். பதிலுக்கு அவள் எனக்கு வைத்த பெயர் இஸ்திரி. இந்த வெளிநாட்டு ஊரில் ஒரு டிரைகிளீனிங் கடையின் பின்பக்கத்தில், ஜன்னலே இல்லாத அறையில், பதினோரு வருஷமாக எதிரெதிரே வேலை பார்க்கிறோம். அவள் பக்கம் தையல் மெஷின், நூல்கண்டுகள், நீளம் குறைக்க வேண்டிய பேண்ட்டுகளின் மலை. என் பக்கம் ஆவி கக்கும் இஸ்திரி மேஜை. முன்னால் ஓனரம்மா தன் மொழியில் வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்வார். பின்னால் நாங்கள் எங்கள் மொழியில் அவர்களுடைய துணிகளைக் கிண்டலடித்துக்கொண்டிருப்போம்.

திங்கட்கிழமை வருகிற பேண்ட்டுகளில் கால்மடிப்பைப் பிரித்தால் மணல் கொட்டும். சனி, ஞாயிறில் கடற்கரைக்குப் போனவர்களின் மணல். மெஷினைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய் ஒருநாள் ஊசி கேட்டாள்.

"ஏண்டி இஸ்திரி, ஊரே கடலுக்குப் போகுது. நாம மட்டும் அதைக் கூட்டி அள்ளிக்கிட்டே இருக்கணுமா?"

கடல் இரண்டரை மணி நேரத் தூரம். ரயில் கிடையாது. கார் வேண்டும். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முப்பதாவது மாடியில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு கம்பிக்கு எண்ணெய் போடுகிற மனுஷர். ஆனால் கார் என்றால் குலை நடுங்கும்.

"லிஃப்டுக்கு எதிர்ல இன்னொரு லிஃப்ட் வராதுல்ல?" என்பார். அதற்கு மேல் அவரிடம் பேச்சு எடுபடாது.

அதனால் நாற்பத்தாறாவது வயதில் ஊசியே ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். டெஸ்டில் ஐந்து முறை தோற்றாள். முதல் முறை, வண்டி ஏன் இழுக்கிறது என்று அதிகாரியிடமே கேட்டாள்; ஹேண்ட்பிரேக்கை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, வேறு யாருடைய வீட்டு வாசலுக்குள்ளோ கொண்டுபோய் நிறுத்தினாள். ஐந்தாவது முறை அதிகாரியின் கோட்டில் பொத்தான் தொங்குவதைப் பார்த்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டாள். ஆறாவது முறை போனபோது அதே அதிகாரி. பொத்தானைத் தைத்திருந்தார். இவளும் பாஸ்.

அன்றைக்குக் கடைக்குள் ஓடிவந்தவள், சூடான இஸ்திரிப் பெட்டியோடு நின்ற என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாள். மயிரிழையில் தப்பினாள். அடுத்த வாரமே, ஓனரம்மாவின் மச்சான் விற்ற, கடுகு நிறத்தில் ஒரு பழைய காரை வாங்கிவிட்டாள்.

அந்தக் காரில் போன முதல் சனிக்கிழமையில் நான் இல்லை. நடந்ததெல்லாம் திங்கட்கிழமை கேட்டது. முன்சீட்டில் வீட்டுக்காரர், வழி சொல்ல. பின்சீட்டில் அவருடைய அக்கா, அதாவது ஊசியின் நாத்தனார். அக்கா முப்பத்திரண்டு வருஷம் அரசு அலுவலகத்தில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். தம்பி வீட்டில் மூன்று மாசம் இருக்கலாம் என்று வந்தவருக்கு இது மூன்றாவது வருஷம். மடியில் ஒரு பை. அதில் அவித்த முட்டை பத்து, ரொட்டி, பிளாஸ்க்கில் டீ.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய ரவுண்டானா. அதிலிருந்து ஐந்து சாலைகள் பிரிகின்றன. வீட்டுக்காரர் போனை மேலும் கீழும் திருப்பினார்.

"எதுங்க?"

"இரு, பாத்து சொல்றேன். இன்னொரு சுத்து போ."

நாலாவது சுற்றில் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "டேய் தம்பி, கோயிலைக்கூட மூணு தடவைதாண்டா சுத்துவாங்க. எதுலயாவது போகச் சொல்லு, எனக்குத் தலை சுத்துது."

எதிலோ போனார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு மேட்டில் ஏறியதும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர். எதிர்க்கரையே தெரியவில்லை. "கடல்! கடல்!" என்று ஊசி கத்திய கத்தலில் வீட்டுக்காரர் சீட் பெல்ட்டோடு எழுந்திருக்கப் பார்த்தாராம். இறங்கி ஓடினார்கள். காலை நனைத்தார்கள். முப்பது போட்டோ எடுத்தார்கள். அக்கா மட்டும் ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார்.

"ஏண்டி, உப்பே இல்லையே?"

"அக்கா, வெளிநாட்டுக் கடல் அப்படித்தான் இருக்குமோ என்னவோ."

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, காலை வெளியே எடுக்கும்படி பணிவாகச் சொன்னார். அது ஊருக்குக் குடிநீர் போகிற ஏரி. பலகையில் எழுதியும் இருக்கிறது. மூவரும் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் அத்தனை போட்டோவும் எடுத்திருந்தார்கள். திரும்புகிற வழி முழுக்கச் சிரிப்பு. "அந்த ஊர்க்காரங்க இன்னைக்கு நம்ம கால் கழுவின டீதான் குடிப்பாங்க" என்று அக்கா சொல்லப்போய், ஊசி வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தாளாம்.

இரண்டாவது சனிக்கிழமை சரியான கடலுக்கே போனார்கள். ஆனால் பனிமூட்டம். காரின் மூக்கு தெரியவில்லை. கடல் சத்தம் மட்டும் காதில் விழுகிறது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மூவரும் கைகோத்து நடந்தார்கள். திடீரென்று ஒரு அலை வந்து வீட்டுக்காரரின் முழங்கால் வரை ஏறி, ஒரு செருப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டது. மூட்டத்துக்குள்ளிருந்து அவர் குரல்: "கடல் இருக்குடி! நிஜமாவே இருக்கு! கால்ல வந்து அடிச்சுது!"

இதைக் கேட்டபிறகு நான் சும்மா இருப்பேனா? மூன்றாவது சனிக்கிழமை பின்சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் நான்.

அன்றைக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ரவுண்டானாவில் ஒரே சுற்றுதான். ஊசி முதுகு நிமிர்ந்து, நெடுந்தையல் ஓட்டுகிற அதே முகத்தோடு ஓட்டினாள். மெஷினில் உட்கார்ந்தால் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்வாள். இங்கேயும் அதே கடி. வளைவுகளில் வீட்டுக்காரர் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கடைசி வளைவு திரும்பியதும் சாலை இறங்கியது. அந்த இறக்கத்தின் முனையில், சாலையையே முட்டிக்கொண்டு, நீலம்.

யாரும் கத்தவில்லை. அக்காதான் மெதுவாக, "அடேயப்பா" என்றார்.

ஊசி வண்டியை நிறுத்த இடம் தேடவில்லை. மணல் வரைக்கும் கொண்டுபோனாள். அதற்கு மேலும் கொஞ்சம் போனாள். கதவைத் திறந்தாள், செருப்பை உதறினாள், ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் சுடிதாரோடு நின்று, ஒவ்வொரு அலைக்கும் "வா! வா!" என்று சண்டைக்குக் கூப்பிட்டாள். அலை வந்து தள்ளிவிடும். எழுந்து, துப்பிவிட்டு, மறுபடி கூப்பிடுவாள். அக்கா புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்து, கால்மாட்டில் வருகிற நுரையை வேலைக்கு லேட்டாக வரும் ஆட்களைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வாயைத் திறந்து ஒரு பாட்டையே பாடினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பாடிக் கேட்டதே இல்லை என்று ஊசி சொன்னாள். கேட்டபிறகு காரணம் புரிந்தது என்றும் சொன்னாள்.

இரண்டு மணி நேரம் இருக்கும். கரையில் யாரோ கை நீட்டிக் கத்துகிறார்கள். திரும்பிப் பார்த்தால், கடல் எங்கள் காரைப் பார்க்கக் கிளம்பி வந்துகொண்டிருக்கிறது. முன் சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் நாலு எட்டுதான் இடைவெளி.

ஊசி சொட்டச் சொட்ட ஓடி வந்து வண்டியைக் கிளப்பினாள். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தாள். முன்சக்கரம் பாதி மணலுக்குள். வீட்டுக்காரர் கையாலேயே மணலைத் தோண்டினார். தோண்டத் தோண்ட அலை வந்து நிரப்பிவிட்டுப் போனது.

அப்போதுதான் அக்கா எழுந்தார். புடவையை உதறினார். சற்றுத் தள்ளி வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்து, கையைத் தட்டி, சுத்தத் தமிழில் கூப்பிட்டார்.

"இங்க வாங்கப்பா எல்லாரும்! பாத்துட்டு நின்னா போதுமா?"

வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்று கேட்காதீர்கள். நாயோடு நின்ற ஒரு பெண்மணி வந்தார். குளிக்க வந்த இரண்டு தொப்பைக்காரர்களும் வந்தார்கள். அக்கா விரலை நீட்டி ஒவ்வொருவருக்கும் இடம் ஒதுக்கினார். "நீ அந்தப் பக்கம். நீ இங்க. உயரமானவரே, நீங்க நடுவுல. நாயை அங்க கட்டுங்க." ஒரு வார்த்தை புரியாமலே எல்லாரும் சொன்ன இடத்தில் போய் நின்றார்கள்.

"நான் ஐலசான்னு சொல்லும்போது தள்ளணும். சொல்லுங்க பாக்கலாம், ஐலசா!"

"ஐ… லசா?"

"சத்தம் போதாது!"

"ஐலசா!"

அந்தக் கடற்கரை அப்படியொரு சத்தத்தை அதுவரை கேட்டிருக்காது. வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். நான் தள்ளவேயில்லை, சிரித்துச் சிரித்துக் கையில் பலம் இல்லை. ஐந்தாவது ஐலசாவில் வண்டி ஒரு துள்ளு துள்ளி வெளியே வந்தது. நிறுத்தினால் மறுபடி புதைந்துவிடும் என்ற பயத்தில் ஊசி நிறுத்தவேயில்லை. கடற்கரையோடு நேரே ஓட்டிக்கொண்டு போனாள். பின்னால் வாலிபால் குழு முழுவதும் "ஐலசா! ஐலசா!" என்று கத்திக்கொண்டே ஓடியது. அதற்குப் பின்னால் கட்டை அவிழ்த்துக்கொண்ட நாய். கடைசியில் புடவையைப் பிடித்தபடி அக்கா. அறுபத்திரண்டு வயது, மூட்டுவலி, ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சிமென்ட் தரை வந்த இடத்தில் ஊசி நிறுத்தி இறங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அக்காவின் பையில் மிச்சமிருந்த அவித்த முட்டைகளை எல்லாருக்கும் பாதி பாதியாகக் கொடுத்தோம். தொப்பைக்காரர் ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கி ஏதோ நீளமாகச் சொன்னார். அக்கா தலையசைத்து, "சரி சரி, அடுத்த வாரமும் சீக்கிரம் வந்துடுங்க" என்றார்.

அப்புறம் எந்தச் சனிக்கிழமையும் நாங்கள் வீட்டில் இல்லை. நாலு வருஷம் ஆகிறது. கூழாங்கல் கடற்கரை, பாறைக் கடற்கரை, கலங்கரை விளக்கம் உள்ளது, காற்று குடையைப் பிடுங்குவது, எல்லாம் பார்த்தாயிற்று. இப்போதெல்லாம் வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுகிறார். அக்காவுக்கும் எனக்கும் கண்ணாடியை இறக்குவதா ஏற்றுவதா என்ற சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை. ஓனரம்மா ஒருமுறை வருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கே உட்கார வைப்பது என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை புதிதாக ஒரு வழியில் போனோம். சாலை ஒரு துறையில் போய் முடிந்தது. அங்கிருந்து எதிரே உள்ள தீவுக்குக் கார்களை ஏற்றிக்கொண்டு போகிற படகு. இரும்புப் பலகையின் மேல் ஊசி மெல்ல ஏற்றி, கோட்டுக்குள் நிறுத்தி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். சங்கு ஊதியது. படகு நகர்ந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் பின்னால் போகத் தொடங்கியது. நாங்கள் மூவரும் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஊசி இறங்கவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தாள்.

"என்னடி, எறங்கலையா?" என்றேன்.

"இருடி இஸ்திரி," என்றாள், உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு. "கடல் மேல ஓட்டிக்கிட்டு இருக்கேன். பேச்சு குடுக்காத."