காதுக்காரரின் பத்து நிமிடப் பாடம்

என் கணவரை எங்கள் பகுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காதுக்காரர் என்பார்கள். குழாய் வேலை செய்கிறவர். சுவருக்குள் தண்ணீர் கசிந்தால் மற்றவர்கள் பாதிச் சுவரை உடைத்துத் தேடுவார்கள். இவர் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சுவரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். அந்த வட்டத்தை மட்டும் உடைத்தால் போதும். இருபத்து மூன்று வருடத்தில் இரண்டே தடவைதான் வட்டம் தப்பியிருக்கிறது. அந்த இரண்டுக்கும் வீட்டுக்காரர்கள்தான் காரணம் என்று இன்று வரை சாதிக்கிறார்.

இவ்வளவு கூர்மையான காதில் நான் சொல்வது மட்டும் ஏறவே ஏறாது. எங்கள் வீட்டுக் குளியலறையில், வாஷ்பேசினுக்குக் கீழே, குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஆறு மாதமாகக் கசிகிறது. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

அவருக்குப் போன வருடம் இரண்டு முழங்காலும் தகராறு செய்யத் தொடங்கின. குழாய் வேலை என்றால் பாதி நாள் தரையில்தான். மண்டியிடவே கூடாது என்றார் டாக்டர். இவர் ஒரு மாதம் மாத்திரை விழுங்கிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று அறிவித்துவிட்டார். வழக்கம்போலக் கத்திக்கொண்டும் அதட்டிக்கொண்டும் இருந்ததால் நானும் நம்பினேன். ஆனால் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் குழாய் வேலை கற்றுத்தர ஆள் தேவை என்றதும், சொல்லாமல் கொள்ளாமல் விண்ணப்பம் போட்டிருந்தார். அந்த வேலை அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அதிலேயே தெரிந்தது.

பள்ளியில் கேட்டது ஒன்றுதான். ஏதாவது ஒரு பாடத்தைப் பத்து நிமிடம் நடத்தி வீடியோவாக அனுப்ப வேண்டும், சனிக்கிழமை மூன்று மணிக்குள். அவர் எடுத்துக்கொண்ட பாடம், கசிவைக் காதால் கண்டுபிடிப்பது. எங்கள் குளியலறைக் கசிவுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது.

"பாத்தியா, இதுக்குத்தான் விட்டு வெச்சேன்" என்றார். வாயைக் கிளறாதீர்கள் என்று நகர்ந்துவிட்டேன்.

என் தங்கை வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பவள். வீடுகளைச் சுற்றிக் காட்டி வீடியோ போடுவாள். அவளுடைய கிம்பல் கேமராவை வாங்கி வந்தேன். கைப்பிடியின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன கேமரா அது. கை எவ்வளவு ஆடினாலும் படம் ஆடாது. கூடவே சட்டையில் குத்திக்கொள்ளும் கம்பியில்லா மைக் ஒன்று. தங்கை கொடுக்கும்போதே சொன்னாள்: "அக்கா, படம் தானா நல்லா வந்துடும். சத்தம்தான் காலை வாரும். இயர்போனைச் சொருகிக் கேட்டுக்கிட்டே எடு. அதுல எது கேக்குதோ அதுதான் பதிவாகுது."

சனிக்கிழமை காலை நான் இயர்போனை எடுத்ததும் இவர் சீறினார். "அது எதுக்கு? நான் இங்கதானே இருக்கேன். என் காதுக்குக் கேட்டா கேமராவுக்கும் கேட்டிருக்கும். அதோ, திரையில பச்சைக் கோடு ஆடுது பாரு. போதும், எடு."

இருபத்து மூன்று வருடம் காதை நம்பியே பிழைத்தவரிடம் காதைப் பற்றி யார் பேசுவது? எடுத்தேன்.

பத்து நிமிடம் பிரமாதமாகப் பேசினார். போட்டுப் பார்த்தால் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. என் மோதிரம் கைப்பிடியில் தட்டுவது மட்டும் டொக் டொக்கென்று கணீரென்று கேட்கிறது. சட்டையில் குத்தியிருந்த மைக்கை ஆன் செய்யவே இல்லை. கேமரா தன் சொந்த மைக்கில் பதிவு செய்திருக்கிறது. பச்சைக் கோட்டுக்கு என்ன, எந்தச் சத்தத்துக்கும் ஆடும்.

"நீ ஏன் மோதிரத்தைப் போட்டுக்கிட்டுப் பிடிச்சே?" என்றார்.

"நீங்கதானே போட்டு விட்டீங்க" என்றேன்.

இரண்டாவது தடவை மைக்கை ஆன் செய்தோம். ஆசிரியர் மாதிரித் தெரிய வேண்டும் என்று கஞ்சி போட்ட புதுச்சட்டை போட்டிருந்தார். அவர் குனியும்போதெல்லாம் காலர் மைக்கில் உரசி, யாரோ சாக்குப்பையை இழுத்துக்கொண்டு போவது போலச் சத்தம். இயர்போன் போட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். பத்து நிமிடமும் வீண். சட்டையை மாற்றச் சொன்னதற்கு அரை மணி நேரம் சண்டை.

மூன்றாவது தடவை குரல் தெளிவாக இருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்து போனில் போட்டுப் பார்த்தோம். குழாய்ப் பக்கம் குனிந்து, "இப்ப பேசாம கேளுங்க. உஸ்ஸுன்னு விடாம வந்தா அது அழுத்தத்துல வர்ற தண்ணி. விட்டு விட்டு வந்தா கழிவுக் குழாய்" என்று சொல்லிவிட்டு, வாயில் விரல் வைத்துக் காத்திருக்கிறார். அங்கே ஒரு சத்தமும் இல்லை. மயான அமைதி. கால் நிமிடம் அவர் ரசித்துத் தலையாட்டுகிறார், எதற்கென்று ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"கசிவை என்னடி பண்ணே?" என்று கத்தினார். ஆறு மாதமாக நான் கெஞ்சியபோது நிறுத்தாத கசிவை நான் என்னமோ செய்துவிட்டேனாம்.

தங்கைக்குப் போன் போட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆன்ல இருக்குக்கா. ஏசி சத்தம், ஃபேன் சத்தம் வரக் கூடாதுன்னு நான் எப்பவும் அதைப் போட்டிருப்பேன். ஒரே மாதிரி உஸ்ஸுன்னு எது வந்தாலும் அது துடைச்சிடும். மாமாவோட கசிவும் அதுக்குக் குப்பைதான்."

மணி ஒன்றரை. இந்த முறை நான் அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அந்த வசதியை அணைத்தேன், இயர்போனைச் சொருகினேன், மோதிரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன். "பேசுங்க" என்றேன்.

காதில் வீடே வந்து விழுந்தது. ஃப்ரிட்ஜ், மாடியில் நாற்காலி இழுப்பது, எல்லாம். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு வந்தேன். அவர் ஆரம்பித்தார். குரல் நன்றாக இருந்தது. பேசிக்கொண்டே வாஷ்பேசினுக்குக் கீழே மண்டியிட்டார். அப்போது கேட்டது, முழங்கால் சொடுக்கிய சத்தம். அதோடு, நெஞ்சுக்குள்ளேயே அமுக்கிய ஒரு முனகல். எழும்போது மறுபடியும். திரும்ப மண்டியிடும்போது இன்னும் நீளமாக. எதிரே இரண்டடி தூரத்தில்தான் நிற்கிறேன். என் வெறும் காதுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அவர் நெஞ்சில் குத்தியிருந்த மைக்கோ ஒன்றையும் விடவில்லை.

நான் பல் மருத்துவமனையில் தொலைபேசி எடுப்பவள். நாள் முழுக்க ஊரார் வலியில் முனகுவதைக் கேட்டு, யாரை முதலில் அனுப்பலாம் என்று முடிவு செய்கிறவள். என் வீட்டுக்காரர் முனகுவது எனக்குத் தெரியவில்லை. ஆத்திரமாக வந்தது, அவர் மேலும் என் மேலும். கேமரா ஆடாமல் பிடித்துக்கொண்டேன். ஆடினாலும் அது காட்டியிருக்காது.

முடித்ததும் இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். உஸ்ஸென்று கசிவு கேட்டதும் முகம் மலர்ந்தது. "ஆகா, இதுதான்! இதுதான்!" பிறகு முகம் மாறியது. பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார்.

"இது நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

"அழிச்சிடு. மறுபடி எடு."

எடுத்தோம். முனகல் வராமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூச்சைப் பிடித்தால் பேச்சு எங்கிருந்து வரும்? பாதியில் இருமி, எது அழுத்தம் எது கழிவு என்று மாற்றிச் சொல்லி, ஸ்க்ரூடிரைவரைத் தூக்கி எறிந்தார். நான்காவதை நான் அழித்திருக்கவில்லை. மணி இரண்டு நாற்பது.

"தங்கச்சிகிட்ட கேளு, அந்த முனகலை மட்டும் எடுக்க முடியுமான்னு."

கேட்டேன். இனி எதைத் துடைத்தாலும் முதலில் போவது கசிவுதான் என்றாள் அவள்.

அவர் குளியலறை வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "முட்டி போனவனை எவன் வேலைக்கு எடுப்பான்?" என்றார். ஒரு வருடத்தில் முதல் முறையாக அதை வாய்விட்டுச் சொன்னார்.

"கசிவே கேக்காத பாடத்தை எவன் பாப்பான்?" என்றேன். நானும் கத்தித்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பேச வரும்.

என்னை முறைத்தார். "அனுப்பித் தொலை."

செவ்வாய்க்கிழமை மாலை பள்ளியிலிருந்து போன் வந்தது. பட்டறைப் பொறுப்பில் இருக்கும் அம்மா. இவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பாடம் ரொம்பப் பிடிச்சிருந்தது. கசிவுச் சத்தம் அவ்வளவு சுத்தமா கேட்டுது. நான் ரெண்டு தடவை கேட்டேன்" என்றார். "இன்னொரு சத்தமும் கேட்டுது, சார்."

இவர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

"பட்டறையில வாஷ்பேசின், குழாய் எல்லாம் தரையோட இருக்கு. உங்களுக்காக மேசை உயரத்துக்கு ஏத்தி மாட்டச் சொல்லியிருக்கேன். நீங்க நின்னுக்கிட்டே சொல்லிக்குடுங்க. திங்கக்கிழமையிலிருந்து வர முடியுமா?"

வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார். உடனே என்னிடம் பாய்ந்தார். "மேசை உயரத்துல குழாய் இருக்கிற வீட்டை இவங்க எங்கயாவது பாத்திருக்காங்களா? என்ன பள்ளிக்கூடம் நடத்துறாங்க?" திட்டிக்கொண்டே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வாளி நிரம்பி வழிந்தும் அவர் அதை மூடவில்லை. நான் கதவருகே நின்றேன். தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியில் அவர் விசும்புவது நன்றாகவே கேட்டது. குழாயை முழுசாகத் திறந்து விட்டால் எனக்குக் கேட்காது என்று நினைத்திருக்கிறார், பைத்தியக்கார மனிதர்.