காலிக் கெபியும் எங்கள் செஞ்சி வீடும்

போன ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, திண்டிவனம் பஸ் நிலையத்தில் என் நைனா மயங்கி விழுந்தார். புதுச்சேரியில் டயாலிசிஸ் முடித்துவிட்டுச் செஞ்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ் மாறுவதற்காக இறங்கினோம். என் தோளில் இருந்த அவருடைய கை திடீரெனக் கனத்தது. அடுத்த நொடி தரையில் கிடந்தார். எத்தனையோ வருடம் அதே இடத்தில் விசில் ஊதி வண்டி கிளப்பிய கண்டக்டர் அவர். ஒரு டீக்கடைக்காரர் ஓடி வந்து தண்ணீர் தெளித்தார். எனக்கு ஜெபம்கூட வாயில் வரவில்லை. "நைனா, நைனா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஸ்டெல்லா. மாதாவின் பிள்ளைகளாகிய உங்களிடம் இதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாரத்தில் மூன்று நாள் இந்த உடம்பை இவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு வரக் கூடாது, மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வந்து தங்குங்கள் என்றார். வாடகைக்குத் தேடினோம். நோயாளி இருக்கிறார் என்றதும் வீட்டுக்காரர்கள் கையை விரித்தார்கள். கிடைத்த ஒன்றும் மாடி. கடைசியில் மருத்துவமனைக்குப் பின்தெருவில் தரைத்தளமாக ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் நல்ல மனிதர். ஆகஸ்ட் முடியும்வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் பொறுத்திருக்கிறேன் என்றார். அதை வாங்க எங்களுக்கு இருந்த ஒரே வழி செஞ்சி வீடு.

அம்மாதான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னார். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "ஊட்ட வித்துடலாம்" என்றார். நைனா எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அவர் அங்கே நின்றால் எதைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாதா கெபி, மாதா சுரூபம் வைத்த சின்னக் கல்மாடம். நான் பிறப்பதற்கு முன்பே நைனா தன் கையால் கட்டியது. செஞ்சியில் கல்லுக்கா பஞ்சம், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது கிளம்பிய பாறைத் துண்டுகளையே அடுக்கிக் கட்டிவிட்டார். முகம் தெருவைப் பார்த்தபடி இருக்கும். விடியற்காலை முதல் வண்டிக்குப் போகும்போது காக்கி உடுப்போடு அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் நைனா கிளம்புவார். மே மாதம் முழுக்கச் சாயங்காலத்தில் தெருவே கூடும். ஜெபமாலை முடிந்ததும் அம்மா சுண்டல் கொடுப்பார். எங்கள் தெருவில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நாங்கள் ஒரு குடும்பம்தான். ஆனாலும் மங்கள வார்த்தை ஜெபத்தை முழுதும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார்கள். எல்லாம் சுண்டலின் புண்ணியம்.

வீடு விற்பது ஒரு பெரிய வேலையாகவே எனக்குத் தோன்றவில்லை. திருவண்ணாமலை ரோடு அகலமானதிலிருந்து, கோட்டைக்கு உலக அளவில் பெயர் வந்ததிலிருந்து, செஞ்சியில் மனை என்றாலும் வீடு என்றாலும் ஆட்கள் மொய்க்கிறார்கள். புரோக்கர் பாண்டு அண்ணன் எங்கள் கூடத்தில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தண்ணி இருக்குது, பத்திரம் சுத்தமா இருக்குது, மாடியில நின்னா கோட்ட தெரியுது. ஒரு வாரம் போதும் பாப்பா. நான் போன எடுத்தா முட்டிக்கினு வருவானுங்க."

எனக்கு எதை எடுத்தாலும் அன்றைக்கே முடித்தாக வேண்டும். வீட்டை விற்பனைக்குத் தயார் செய்வது எப்படி என்று யூடியூபில் வெளிநாட்டு வீடியோக்களாகத் தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். உங்கள் குடும்பப் படங்களை எடுத்துவிடுங்கள், உங்கள் மதச் சின்னங்களை எடுத்துவிடுங்கள், வருகிறவர் அது தன்னுடைய வீடு என்று நினைக்க வேண்டும். கேட்க எவ்வளவு நியாயமாக இருந்தது.

ஜூலையில் வேலையை ஆரம்பித்தேன். சுவருக்கு க்ரீம் கலர் அடிக்க ஆள் வந்தார்கள். அடுக்களைக் கூரையில் குக்கர் வெடித்து ஒட்டிய பருப்புக் கறை ஒன்று உண்டு. இப்போது வெளியூரில் வேலையாக இருக்கும் என் அண்ணன் பத்தாவது பரீட்சை எழுதிய காலத்துக் கறை அது. ஒரே பூச்சில் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கும் மூலையில் வைக்கோல் தூசு இடுக்குகளில் இன்னும் இருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் நைனா தொண்டூர் பக்கம் அறுவடை முடிந்த வயலிலிருந்து வைக்கோல் கேட்டு வாங்கி, ஓடும் பஸ்ஸிலேயே போட்டுக் கொண்டுவருவார். பயணிகள் திட்டுவார்களாம். அதை அவர் சொல்லும்போது நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்தத் தூசை நான் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினேன். கொட்ட மனசு வரவில்லை. ஆனாலும் கொட்டினேன்.

திருஇருதய ஆண்டவர் படத்தை இறக்கினோம். வாசல் நிலையில் இருந்த சிலுவையைக் கழற்றினோம். கடைசியில் கெபி. நைனாவிடம் கேட்டேன். "எடுத்துக்கோமா. மாதா ஒண்ணும் கோவிச்சிக்க மாட்டாங்க" என்றார். அம்மா தன் பழைய நூல் புடவையில் சுரூபத்தைச் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போய் பீரோவில் வைத்தார். "கொஞ்ச நாளைக்குத்தான் தாயே" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. கெபியில் ஒட்டியிருந்த மெழுகை எல்லாம் சுரண்டினேன். காலி மாடத்தில் ஒரு மணிப்பிளான்ட் தொட்டியை வைத்தேன். விற்பனைக்கு என்று படம் எடுத்து இணையத்தில் போட்டேன். அழகாகத்தான் இருந்தது.

ஆட்கள் வந்தார்கள். வீட்டைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், தண்ணீரைக் குடித்துப் பார்த்து இனிக்குது என்றார்கள். திரும்பிப் போகும்போது கேட் பக்கம் ஒரு நிமிடம் நிற்பார்கள். அப்புறம் போன் வராது. ஒருவர் இல்லை, இருவர் இல்லை. எங்கள் பின்தெருவில் ஓடு போட்ட வீடுகூட விற்றுவிட்டது. எங்களுடையது நின்றது. நைனாவை அதே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அவர் இன்னும் கொஞ்சம் சின்னதாகிவிட்டதுபோல இருந்தது.

ஆகஸ்டில் ஒரு பெரியம்மா தன் மகனோடு வந்தார். அவர்தான் கெபியைக் காட்டி வாய்திறந்து கேட்டார்.

"ஏம்மா, இதுல இன்னா சாமி இருந்துது?"

"மாதா இருந்தாங்க பெரியம்மா. உள்ள எடுத்து வெச்சிருக்கோம்."

"ஏன்?"

"வாங்குறவங்களுக்கு எடஞ்சலா இருக்கக் கூடாதுன்னுதான்."

"எந்த சாமியா இருந்தா எங்களுக்கு இன்னா எடஞ்சல்? இருந்த சாமிய எழுப்பி அனுப்பிட்ட எடத்துல எப்பிடிம்மா குடும்பம் பண்றது? நீயே சொல்லு."

 அவர் டீகூடக் குடிக்காமல் மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாண்டு அண்ணன் அப்போதுதான் விஷயத்தை உடைத்தார். "தெருவுல வேற மாரி பேசிக்கினு இருக்காங்க பாப்பா. கண்டக்டருக்கு ஒடம்பு சரியில்ல, சாமியையும் எறக்கிட்டாங்க, அந்த ஊட்ல இன்னாமோ இருக்குதுன்னு. ஒண்ணு பண்ணலாம். கெபியையே இடிச்சிடலாம். அதுவே இல்லன்னா காலியா இருக்குதுன்னு எவன் சொல்லுவான்? மேஸ்திரி நாளைக்குக் காலையில வந்துருவாரு."

இடிப்பதா? ஆனால் அன்று மத்தியானம்தான் புதுச்சேரி வீட்டுக்காரர் போன் செய்திருந்தார். ஆகஸ்ட் பாதி போய்விட்டது, மாதம் முடிந்தால் அதற்கு மேல் தன்னால் நிறுத்திவைக்க முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நைனா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் பாண்டு அண்ணனிடம் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா வந்து, "கடசியா ஒரு ஜெபமாலை சொல்லிடலாம் வா" என்றார். இருவரும் கெபி முன்னால் முழங்கால் போட்டோம். அம்மா சிலுவை அடையாளம் போட்டார், நிமிர்ந்து பார்த்தார், நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா?"

"இந்தச் செடியப் பாத்துக்கினு எப்பிடிடி ‘அருள் நிறைந்த மரியே’ சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தார். எத்தனையோ வாரம் கழித்து அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த அழுகையில்தான் நான் முதல் தடவையாக உண்மையாக ஜெபித்தேன். வீட்டை விற்றுக் கொடு என்று கேட்கவில்லை. தாயே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் தெரியும் என்று ஓடினேன். என் நைனாவைக் காப்பாற்று. என்ன செய்ய வேண்டும் என்று சொல். அவ்வளவுதான் கேட்டேன்.

அம்மா எழுந்து உள்ளே போனார். புடவைச் சுற்றைப் பிரித்துச் சுரூபத்தைக் கொண்டுவந்தார். நான் தொட்டியை இறக்கினேன். சத்தம் கேட்டு நைனா சுவரைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தார். தீக்குச்சியைக் கிழித்து மெழுகுவர்த்தியை அவரே ஏற்றினார். ஜெபமாலையைத் தொடங்கினோம்.

மூன்றாவது தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு பைக் நின்ற சத்தம். நான் திரும்பவில்லை. முடித்துவிட்டு எழுந்தபோது ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். பின்னால் அவருடைய கணவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தொண்டூர்க்காரர்கள். அந்தப் பெண்ணின் பெயர் மல்லிகா. செஞ்சியில் வீடு தேடி அலைந்துவிட்டு ஊருக்குத் திரும்பும் வழியில் வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்தச் சொன்னாராம்.

"போன மாசமே இந்த ஊட்டப் பாக்க வந்தோம்மா" என்றார் அம்மாவிடம். "கெபி காலியா இருந்துது. உள்ள வராமயே போய்ட்டோம்."

"நான் பாக்கலாம்னுதான் சொன்னேன், இவ உடல சார்" என்றார் கணவர், நைனாவைப் பார்த்து.

"எப்பிடி உடுவேன்? நான் இங்க பொண்ணுங்க ஸ்கூல்ல படிச்சவ. பரீட்சன்னா இங்க நின்னு கும்ட்டுட்டுத்தான் போவேன். கணக்குல மட்டும் ஃபெயிலு. அன்னிக்கு நேரமாய்டுச்சின்னு நிக்காம ஓடிட்டேன்."

நைனா சிரித்தார். உள்ளே வந்து பாருங்கள் என்றார். அவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்க எடுத்துக்கொண்டது கொஞ்ச நேரம்தான். வாசலுக்கு வந்ததும் மல்லிகா அக்கா தயங்கினார்.

"ஒண்ணு கேக்கலாமா? போறப்ப மாதாவ எடுத்துக்கினு போய்டுவீங்களா?"

அம்மாவின் முகம் மாறியது. அந்தச் சுரூபம் அவருடைய தாய்வீட்டுச் சீர். அதை விட்டுவிட்டுப் போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.  நைனாதான் பேசினார்.

"எத்தினியோ பேரு போறப்ப வர்றப்ப இங்க நின்னு கேட்டுக்கினு போறாங்க. அவங்க வந்து பாத்தா யாரு இருப்பாங்க? இருக்கட்டும்." பிறகு அம்மாவைப் பார்த்து, "இன்னா சொல்ற?" என்றார்.

அம்மா கெபியைப் பார்த்துக்கொண்டே, "வெளக்கு மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார்.

"செவ்வாக்கெழம அம்மனுக்கு ஏத்துறேன். சனிக்கெழம இவங்களுக்கு ஏத்திடறேன். ரெண்டு பேரும் பொம்பளைங்க, ஒத்துப்போய்டுவாங்க" என்றார் மல்லிகா அக்கா.

மறுநாள் காலையில் மேஸ்திரி கடப்பாரையோடு வந்தார். காபி கொடுத்து அனுப்பினோம். பாண்டு அண்ணனுக்குத்தான் ஆறவில்லை. "ரெண்டு மாசம் நான் நாயா அலைஞ்சேன். நீங்க ஒரு மெழுகுவத்தியில முடிச்சிட்டீங்க" என்றார். ஆகஸ்ட் முடிவதற்குள் இரண்டு வீட்டுப் பத்திரமும் பதிவாகிவிட்டது.

சாவி கொடுக்கும் நாளில் அம்மா வீட்டை ஒருமுறை பெருக்கினார். நான் மாடிக்குப் போய் கோட்டை இருக்கும் ராஜகிரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்ன வயசில் அந்த மலையை எங்கள் வீட்டு மலை என்றே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தன் வீட்டு மலை என்று சொன்னபோது சண்டை போட்டிருக்கிறேன். இங்கே புதுச்சேரியில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான். இன்னமும் காலையில் எழுந்ததும் என் கண் மலையைத் தேடுகிறது. தேடட்டும்.

நைனாவின் நோய் போய்விடவில்லை. அதை மறைத்து எழுதினால் சாட்சி ஆகாது. டயாலிசிஸ் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் மருத்துவமனைக்கு அவரே நடந்து போகிறார். முடித்துவிட்டு வந்து தன் கட்டிலில் படுத்துத் தூங்குகிறார். போன வாரம் காம்பவுண்டு ஓரமாக அவரைக்காய் விதை ஊன்றினார். தை மாதம் காய்க்கும், பொரியல் வைக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தை மாதத்தைப் பற்றி நைனா பேசுவதைக் கேட்டு நான் அடுக்களைக்குள் போய் அழுதேன். நன்றி தாயே. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

நானும் மாறியிருக்கிறேன். வேகம் குறையவில்லை, அது என் பிறவிக் குணம். ஆனால் எந்த வேலையானாலும் முதலில் முழங்கால் போட்டுவிட்டுத்தான் போனை எடுக்கிறேன். உங்களில் யாராவது இப்போது வழி தெரியாமல் இருந்தால், வழி தெரியவில்லை என்பதையே மாதாவிடம் சொல்லுங்கள். அதற்கு அழகான வார்த்தை வேண்டாம். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு நைனா மருத்துவமனைப் படுக்கையில் இருப்பார், நான் வெளியே பெஞ்சில் ஜெபமாலையோடு இருப்பேன். அந்த நேரத்தில் எங்களுக்காக ஒரு மங்கள வார்த்தை சொல்லுங்கள். உங்களுக்காக நானும் ஒன்று சொல்லிக்கொண்டிருப்பேன்.