மூன்றாவது நாற்காலி

லைல் பிரெக்கி மூன்று மாதமாகப் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போகவில்லை. கேட்டால் முதுகுவலி என்பார். அதே முதுகோடு அவர் கொட்டகைக் கூரையில் ஏறிப் பனி தள்ளியதை ஊரே பார்த்தது.

எங்கள் வாரியத்தில் ஐந்து நாற்காலிகள். ஒருவர் இறந்துபோனார், ஒருவர் ஃபார்கோ நகரத்துக்குக் குடிபோனார். அந்த இடங்களுக்கு நிற்க யாருக்கும் மனமில்லை. மிச்சமிருந்த மூவரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். தலைவி மார்லிஸும் டுவேனும் பள்ளியை மூடி, பிள்ளைகளைப் பக்கத்து மாவட்டத்துப் பள்ளிக்கு அனுப்ப நினைத்தார்கள். லைல் வந்தால் தோற்பார். வராவிட்டால் ஓட்டெடுப்பே கிடையாது.

கோதுமை விவசாயியான அவர் பல குளிர்காலங்கள் பள்ளிப் பேருந்தும் ஓட்டியவர். வாரியத்தில் இருப்பவர் பள்ளியில் சம்பளம் வாங்கக் கூடாது என்பதால் அந்த வேலையை விட்டார். பனிப்புயலில் சாலை எது, வயல் எது என்று தெரியாமல் பிள்ளைகளோடு நின்ற நாட்களை அவர் மறக்கவில்லை. சின்னப் பிள்ளைகளை நாற்பது மைல் அனுப்பக் கூடாது. அவருடைய பிடிவாதம் அவ்வளவுதான்.

ஜனவரியில் பள்ளிக் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் நின்றது. புதியது வாங்க வாரியம் கூடியாக வேண்டும்.

நான் அந்தப் பள்ளியில் படித்து, எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, அங்கேயே இரண்டாம் வகுப்புக்கு ஆசிரியையாக வந்தவள். ஒரு காலை லைல் என் வகுப்பு வாசலில் நின்றார். பிள்ளைகள் கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"தாத்தா, பாருங்க, நான் டிராகன்!" ஒரு சிறுமி அவர் முகத்துக்கு நேரே வாயால் புகை விட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. "கையுறையோட எப்படிம்மா எழுதுறாங்க?"

"எங்க எழுதுறாங்க, மிஸ்டர் பிரெக்கி. குதிச்சுக்கிட்டு பாடுறோம்."

அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்துவிட்டார். நானும் பின்வரிசையில் இருந்தேன்.

"வாய்யா, முதுகு நிமிர்ந்துருச்சா?" என்றார் டுவேன்.

"உன்னோடத விட நேராத்தான் இருக்கு. மார்லிஸ், முதல்ல பாய்லர எடு."

"வரிசை போட்டு வாசல்ல ஒட்டியாச்சு, லைல். பள்ளிய மூடுறது முதல்ல. பாய்லர் கடைசி."

லைல் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"தாராளமா போ," என்றார் டுவேன். "நீ வாசல தாண்டினா கூட்டம் செல்லாது. பாய்லரும் உன்கூடவே போயிரும்."

மார்லிஸ் குரலைத் தாழ்த்தினார். "மேல்வகுப்புக்குக் கணக்கு சொல்லித்தர ஆளே கிடைக்கல, லைல். எனக்கு மட்டும் மூடணும்னு ஆசையா?"

தொப்பியைப் பிடித்தபடி அவர் என் பக்கம் திரும்பினார். நான் குனிந்துகொண்டேன். அவர் இடத்தில் இருந்திருந்தால் நான் போயிருப்பேனா, உட்கார்ந்திருப்பேனா? படித்த படிப்பில் அதற்குப் பதில் தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை.

அவர் உட்கார்ந்தார். இரண்டுக்கு ஒன்று. கோடையோடு பள்ளி மூடல்.

கடைசியில் பாய்லர் வாங்குவது ஓட்டுக்கு வந்தது. "மூடப்போற கட்டடத்துக்குப் புது பாய்லர் எதுக்கு?" என்றார் டுவேன். மார்லிஸ் லைலைப் பார்க்காமல், வேண்டாம் என்று டுவேனோடு கையைத் தூக்கினார். அதுவும் இரண்டுக்கு ஒன்று. பிள்ளைகள் மிச்சக் குளிர்காலத்தைச் சமையலறை அடுப்புப் பக்கம் சாப்பாட்டு மேசைகளில் கழித்தார்கள்.

வாரியம் கலைந்தது. பக்கத்து மாவட்டம் எங்கள் ஊர்ப் பேருந்துக்கு ஓட்டுநர் தேடியது. அந்தச் சாலையில் இருட்டோடு ஓட்ட ஒருவரும் முன்வரவில்லை. லைல் போனார். அங்கே வேலை கிடைத்த நானும் அதே பேருந்தில்தான் போகிறேன்.

டிசம்பரில் ஒரு காலை அந்தச் சிறுமி வாயைக் குவித்து ஊதிப் பார்த்தாள்.

"தாத்தா, இங்க புகையே வரல."

"ஹீட்டர் நல்லா ஓடுதும்மா," என்றார் லைல், பேருந்தின் முன்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் பேசாம உட்காரு. ரோடு தெரியல."