இடது கண்ணுக்குச் செதுக்கிய துப்பாக்கி

வலது கண்ணில் பார்வை போனபோது டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, இனி எப்படிச் சுடுவது என்பதுதான். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டில் மனைவியும் அப்படித்தான் பார்த்தாள்.

என்னிடம் இருந்தது பர்மிய அரசு உரிமம் கொடுத்த பழைய ரைபிள். ஒரு முறை சுட்டால், திறந்து அடுத்த தோட்டாவைக் கையால்தான் போட வேண்டும். ஞாயிறுதோறும் மிங்கலாடோன் பக்கத்துத் திடலில் குறி அட்டையைச் சுடுவேன். குருவியைக்கூடச் சுட்டதில்லை. இடது தோளில் வைத்துச் சுடலாம் என்றால், அது எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்த தோள். அதனால் துப்பாக்கியில் தோளுக்கு முட்டுக்கொடுக்கும் மரக்கட்டையையே மாற்றினேன். வலது தோளில் ஊன்றினாலும் குழல் இடது கண்ணுக்கு நேரே வரும்படி படாவ் மரத்தில் வளைவாகச் செதுக்கினேன். இரண்டு கட்டைகள் வெடித்துப் பாழாயின. மூன்றாவதை முடிக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. எங்கள் லான்மடாவ் வீட்டில் சோற்றிலும் மரத்தூள்தான் என்று மனைவி புலம்புவாள். கொஞ்சம் மிகை, ரொம்ப இல்லை.

பிறகு திடலை மூடினார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களெல்லாம் அதைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். சுடக்கூடியதை வாங்கி வைத்துக்கொள்வார்கள், சுட முடியாததைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டோம்.

"பாத்தா ஒடஞ்சதாட்டம்தான் இருக்கு. நீங்க வாயத் தொறக்காம இருந்தா போதுங்க" என்று மனைவி படித்துப் படித்துச் சொன்னாள். என் மேல் நம்பிக்கையில்லாமல் கூடவே வந்தாள்.

காலையில் போனவர்களை மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். நின்று நின்று கால் மரத்துவிட்டது. அதிகாரி ரைபிளைத் தோளில் வைத்து வலது கண்ணால் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"ஊலே, கட்ட கோணிப்போச்சே. இதுல எங்க குறி பாக்கறது? வெறகுக்குத்தான் ஆகும், எடுத்துட்டுப் போங்க" என்றார் பர்மிய மொழியில், மாமா என்று என் வயதுக்கு மரியாதை கொடுத்தே.

எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் விறகு என்றது சுருக்கென்று தைத்துவிட்டது.

"இடது கண்ணால பாருங்க" என்றேன்.

பார்த்தார். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியைக் குறி வைத்தார்.

"அடேயப்பா, நேரா நிக்குதே! யார் செஞ்சது?"

"நான்தான்."

நெஞ்சு நிமிர்ந்ததை எனக்கு மறைக்கத் தெரியவில்லை. அவர் ரைபிளைப் பத்திரமாகத் தன் பின்னாலிருந்த அலமாரியில் சாத்தினார். ரசீதில் நல்ல நிலை என்று எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அசதியில் எனக்கு அழுகை முட்டியது. அந்த அதிகாரி வியந்து பார்த்தாரே, அது போதாதா என்று சொல்ல வாயெடுத்தேன். போதவில்லை, அதனால் சொல்லவில்லை.

இறங்கி நடக்கும்போதுதான் அவள் பேசினாள்.

"வெறகுன்னு சொன்னாருல்ல, எனக்கும் பத்திக்கிட்டுதான் வந்துச்சு. நான் வாயத் தொறந்தேனா?"