வெறுங்கால் டிரைவர்

அந்த வருஷம் பெட்ரோல் தட்டுப்பாடு. நான் நெய்த கூறைப்புடவை விடியற்காலையில்தான் தறியிலிருந்து இறங்கியது. பட்டணத்தில் அன்றைக்கே முகூர்த்தம். பஸ்ஸுக்கு நின்றால் தாண்டிவிடும். எங்கள் பிள்ளையார்பாளையத்துக்கு வர ஒரே ஒரு டாக்சிக்காரர்தான் ஒத்துக்கொண்டார்.

ஒல்லியான மனிதர், காது மேல் ஒரு பீடி. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில்தான் ஓட்டுவார். நான் பறக்கிறேன், அவரோ எல்லா டயரிலும் காற்றைப் பார்த்து, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, டிக்கியிலிருந்த கனமான சாமானையெல்லாம் என் வீட்டிலேயே இறக்கிவைத்தார். அப்புறமும் மெதுவாக, ஒரே சீராகத்தான் போனார்.

"லாரியெல்லாம் நம்மளத் தாண்டிப் போவுது. நீ உருட்டிக்கினு போறியேப்பா!"

"அடிச்சி ஓட்டினா பெட்ரோல் தீந்து பூந்தமல்லியிலயே நின்னுடும். அப்புறம் நீதான் தள்ளணும்மா."

அவர் பாதத்தைப் பார்த்தேன். தறியில் நான் மிதிக்கிற மாதிரி அளவாக மிதித்தார். புடவையை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன்.

தாலி கட்டுவதற்கு முன்னமே புடவை பெண் கைக்குப் போய்விட்டது. வெளியே வந்து கேட்டேன்.

"திரும்பிப் போக பெட்ரோல் இருக்குதாப்பா?"

"வர்றதுக்குத்தான் இருந்திச்சி."

"தெரிஞ்சேவா வந்த?"

"பொண்ணு காத்துக்கினு இருக்குமே."

என்னை பஸ் ஏற்றிவிட்டார். என் புடவைக்காக என்னைவிடப் பிடிவாதமாக நின்ற அந்த மனிதர் எப்படி ஊர் திரும்பினாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.