மூக்குச் சொட்டு மருந்து தர மறுத்தவர்

இது நடந்தது 1998-ம் வருடம். அப்போது நாங்கள் ஆவடி சேக்காட்டில் குடியிருந்தோம். என் கணவர் பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், தகட்டில் வாஷர் வெட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்து நாலு வயது. ஒரே மகள், மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

குறட்டை என்றாலே ஆண்கள் விடுவது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் வீட்டில் குறட்டை விட்டது நான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் ராத்திரி தங்கவே மாட்டேன். மண்டபத்தில் பெண்கள் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் இடத்தில் நானும் படுத்து, காலையில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தால் என்ன செய்வது? குழந்தைக்குப் பள்ளிக்கூடம் என்று ஏதாவது சொல்லிக் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

அதைவிடப் பெரிய தொல்லை பகல் தூக்கம். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் கண் எரியும், தலை கனக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவேன். எஸ்டேட்டில் இறங்க வேண்டியவள் அதைத் தாண்டி பாடி ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வந்த நாட்கள் உண்டு. சோம்பேறி என்று மாமியார் சொன்னபோது எனக்கே அது சரிதான் என்று பட்டது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். தகட்டைக் கையால் உள்ளே தள்ளி, காலால் பெடலை மிதிக்க வேண்டும். எப்போது கண் மூடியது என்று தெரியாது. என் கை அச்சுக்குள் இருந்தது, கால் பெடலை மிதித்துவிட்டது. பக்கத்து மெஷினில் இருந்தவள் என் முழங்கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் நாலு விரல் போயிருக்கும். நடுவிரல் நகம் மட்டும் பெயர்ந்தது. சூப்பர்வைசர் அன்றே என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார். மறுபடி தூங்கினால் வேலை இருக்காது என்றும் சொன்னார்.

அன்று மாலை என் விரல் கட்டைப் பார்த்துவிட்டு என் கணவர் சொன்னார். "நீ தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருது. எத்தனையோ தடவை பயந்துபோய் உலுக்கி விட்டிருக்கேன். சொன்னா நீ மனசு கஷ்டப்படுவியேன்னுதான் சொல்லலை."

நகரத்தில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். தூங்கும்போது உடம்பில் ஒயர்களை ஒட்டிச் சோதித்தார்கள். தூக்கத்தில் தொண்டை தளர்ந்து மூடிக்கொள்கிறது, அதனால் மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டரம்மா விளக்கினார். அதற்கு ஒரு மெஷின் இருந்தது. மூக்கில் ஒரு மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் காற்றை ஊதும் பெட்டி. மூக்கு வழியாக விடாமல் காற்று போனால் தொண்டை மூடாது. அந்த ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்ட மெஷின் இரண்டோ மூன்றோதான் இருந்தது. ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒத்துக்கொண்டால் மேற்கொண்டு ஏற்பாடு செய்யலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும், காத்திருப்பவர்கள் பலர் என்றார்கள்.

எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. மாஸ்க்கைப் போட்டால் மூச்சு முட்டியது. காற்று மூக்குக்குள் போகாமல் முகத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். வாயைத் திறந்தால் புஸ்ஸென்று வெளியே போய்விடும். காலையில் எழுந்தால் மாஸ்க் தரையில் கிடக்கும். நானேதான் தூக்கத்தில் கழற்றி வீசியிருப்பேன். இரண்டு வாரம் கழித்துப் போனபோது காற்றின் அழுத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

டாக்டரிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நாலு வருடத்துக்கு முன்பு ஒரு ஜலதோஷம் வந்தபோது யாரோ சொல்லி ஒரு மூக்குச் சொட்டு மருந்து வாங்கினேன். இரண்டு சொட்டு விட்டால் போதும், அடைத்த மூக்கு அந்த நிமிஷமே திறந்துவிடும். ஜலதோஷம் போன பிறகும் அந்த மருந்து என்னை விட்டுப் போகவில்லை. முதலில் ராத்திரி மட்டும், பிறகு காலையிலும், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கைப்பையில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒன்று. கணவருக்குக்கூடத் தெரியாது. மெஷின் வந்த பிறகு, அதற்காகவாவது மூக்கு திறந்திருக்கட்டும் என்று இன்னும் அதிகமாக விட்டேன்.

ஆவடி ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில் அப்போது மூன்று மருந்துக்கடைகள் இருந்தன. நான் வழக்கமாக வாங்குவது முதல் கடையில். கடைக்காரருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் சாயங்காலம் கடையில் கூட்டம். நான் வழக்கம்போலக் கேட்டேன்.

"குடுக்க மாட்டேன்க்கா" என்றார்.

"ஸ்டாக் இல்லையா?"

"ஸ்டாக் கீது. ஒனக்குத்தான் குடுக்க மாட்டேன். இந்த மாசத்துல இது ஆறாவது பாட்டில். உன் ஊட்ல எத்தினி மூக்குக்கா கீது?"

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "காசு குடுத்துத்தானே கேக்கறேன். ஓசியிலயா கேட்டேன்?" என்று சத்தம் போட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு பெட்டியைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருந்த தாளை எடுத்து, சிவப்புப் பேனாவால் ஓர் இடத்தில் கோடு போட்டார்.

"நான் டாக்டர் இல்லக்கா. ஆனா படிக்கத் தெரியும். நாலஞ்சு நாளுக்கு மேல போடாதன்னு இதுலயே எழுதிகீது. போட்டுகினே இருந்தா மூக்கு இன்னும் அடச்சிக்கும். அடைக்குதேன்னு நீ மறுபடி போடுவ. இத்த எடுத்துகினு போய் டாக்டராண்ட காட்டு."

தாளைப் பிடுங்கிப் பையில் திணித்துக்கொண்டு, நேராக அடுத்த கடைக்குப் போய் அதே மருந்தை வாங்கினேன். ரோட்டிலேயே முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு இரண்டு சொட்டு விட்டுக்கொண்டேன். இனி அந்த ஆளின் கடை வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மாதம் முடிந்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "ஒத்துக்கலைன்னா வற்புறுத்த முடியாதும்மா. மெஷினைக் குடுத்துட்டுப் போங்க. தொண்டையில ஆபரேஷன் செய்யலாமான்னு யோசிப்போம்" என்றார்.

என் கணவர் பெட்டியை மேஜை மேல் வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு பிரஸ் மெஷின் ஞாபகம் வந்தது, மகள் ஞாபகம் வந்தது. பையில் இருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினேன்.

"இதை எத்தனை நாளா போடறீங்க?"

"நாலு வருஷமா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு முதல் நாளே கேட்டேனே?"

"சாப்பிடற மருந்தைத்தான் கேட்டீங்கன்னு நினைச்சேன் டாக்டர். இதைத் தைலம் மாதிரி நினைச்சேன்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அன்றே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினார். அவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, மூக்கின் உள்பக்கம் முழுவதும் வீங்கிக் கிடக்கிறது, சுவர் மாதிரி அடைத்திருக்கும்போது எவ்வளவு காற்றை ஊதினாலும் உள்ளே எப்படிப் போகும் என்று கேட்டார். சொட்டு மருந்தை முதலில் ஒரு பக்கம் நிறுத்த வேண்டும், அந்தப் பக்கம் திறந்த பிறகு மறுபக்கம். வீக்கத்தைக் குறைக்க வேறு ஒரு ஸ்பிரே கொடுத்தார். அது உடனே திறக்காது, நாளாகும் என்றார். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டு மூக்கைக் கழுவக் கற்றுக்கொடுத்தார்கள். டாக்டரம்மா மெஷினை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. வலது பக்கத்துக்கு மருந்தை நிறுத்தினேன். இடது பக்கத்துக்கான ஒரே பாட்டிலை என் கணவர் பூட்டி வைத்துக்கொண்டு, மீதியை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டார். அந்தப் பக்கம் சிமென்ட் வைத்துப் பூசியதுபோல ஆகிவிட்டது. தலைவலி, எரிச்சல், மகள் மேல் காரணமில்லாத கோபம். ஐந்தாம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் தாங்கமுடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டாவது கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் தயங்கினார். "அக்கா, உங்களுக்குக் குடுக்க வேணாம்னு முதல் கடை அண்ணாத்தே சொல்லிட்டுப் போனாரு." மூன்றாவது கடையிலும் அதே பதில்.

ஆத்திரத்தில் முதல் கடைக்கே போனேன். "என் விஷயத்துல தலையிட நீங்க யாரு?" என்று கேட்டேன்.

அவர் ஒரு ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டார். "குந்துக்கா. நிறுத்தி எத்தினி நாளாச்சு?"

"ஒரு பக்கம் அஞ்சு நாள்."

"அப்ப கஷ்டமான பாதி முடிஞ்சிச்சு." பிறகு தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "நானும் ரெண்டு வருசம் இத்த போட்டுகினு கெடந்தவன்தான். கைக்கு எட்டுற தூரத்துல அலமாரி. கடையும் என்னுது. எனக்கு யாரு குடுக்க மாட்டேன்னு சொல்றது? ரொம்ப அவஸ்தப்பட்டேன்க்கா. அதான் ஒனக்கு நான் சொன்னேன்."

அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுது முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவினேன்.

வலது பக்கம் மெதுவாகத் திறந்தது. பிறகு இடது பக்கம். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏதோ தீய்கிற வாசனையில் கண் விழித்தேன். சமையலறையில் என் கணவர் உப்புமாவை அடிப்பிடிக்க விட்டிருந்தார். எழுந்திருக்கப் போனபோதுதான் மாஸ்க் இன்னும் முகத்திலேயே இருப்பது தெரிந்தது. ராத்திரி முழுவதும் அது நகரவே இல்லை. ஒரு வாசனை இப்படி வந்து என்னை எழுப்பி எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தேன். தலை கனக்கவில்லை. மகள் வந்து, "அம்மா, இன்னிக்கு நீ சத்தமே போடலை" என்றாள். அந்தத் தீய்ந்த உப்புமாவை நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

பஸ்ஸில் விழித்திருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினேன். இரண்டு மாதம் கவனித்துவிட்டு சூப்பர்வைசர் என்னை மறுபடி பிரஸ்ஸில் உட்காரவைத்தார். மெஷினும் பிற்பாடு எங்களுக்குச் சொந்தமாயிற்று.

கடைக்காரருக்கு நன்றி சொல்லப் போன அன்றும் கூட்டம். அவர் யாருக்கோ இருமல் மருந்தைக் காட்டி, எத்தனை வேளை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். "மூக்கக் கழுவறத மட்டும் உட்றாதக்கா" என்றார், அவ்வளவுதான். அதன் பிறகு நாங்கள் பூந்தமல்லிக்குக் குடிபோய்விட்டோம். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

நாலு வருடம் கேட்டபோதெல்லாம் எனக்கு அந்த மருந்து கிடைத்தது. என்னிடம் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று முதலில் மாட்டேன் என்றவர் அவர் ஒருவர்தான். என்னால் இன்னொருவருக்காக அப்படி ஒரு கெட்ட பெயரைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.